கல் தேவதையைக் கூடி வாசிக்க: கேள்வி பதில்

மார்கரெட் லாரன்ஸின் ‘த ஸ்டோன் ஏஞ்சல்’ 1964இல் வந்தது. கனடிய வாசிப்பு வட்டங்களில் இன்றும் புழங்கும் நாவல். 90 வயது ஹேகர் ஷிப்லி தன் கதையைத் தானே சொல்கிறாள். இதைக் கூட்டாக வாசிக்கக் கிளம்பியவர்களின் கேள்விகள் கீழே. கதை முடிவும் பேசப்படுகிறது, முன்னாடியே சொல்லிவிட்டேன்.

நாங்கள் எட்டுப் பேர். எத்தனை அமர்வு வைக்கலாம்?

மூன்று போதும். மொத்தம் 10 அத்தியாயம். முதல் அமர்வுக்கு 1 முதல் 4, அடுத்ததற்கு 5 முதல் 8, கடைசிக்கு 9, 10. ஐந்தாவதில் கிழவி வீட்டைவிட்டு ஓடுகிறாள், அது நல்ல வெட்டு. கடைசி அமர்வுக்கு இரண்டே அத்தியாயமா என்று எட்டாவதையும் அங்கே தள்ளாதீர்கள். மகன் ஜானின் சாவு எட்டில் வருகிறது, அதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும்.

அமர்வு 90 நிமிடம், இடைவெளி இரண்டு வாரம். ஆளுக்கொரு பதிப்பு வைத்திருப்பீர்கள், பக்க எண் ஒத்துவராது. “எட்டாம் அத்தியாயம், இன்ன சொல்லில் தொடங்கும் பத்தி” என்று குறித்துக்கொண்டு வாருங்கள். இதைச் செய்யாத கூட்டங்களில் பாதி நேரம் பக்கம் தேடுவதிலேயே கரையும்.

காலம் முன்னும் பின்னும் போகிறதே, நாலு பக்கத்துக்கு ஒருமுறை தொலைந்துபோகிறேன்.

வினைச்சொல்லைப் பாருங்கள். இப்போது நடப்பது நிகழ்காலத்தில், நினைவெல்லாம் இறந்தகாலத்தில். லாரன்ஸ் பெரும்பாலும் இதை மீறுவதில்லை. பென்சிலை எடுத்து, காலம் மாறும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாக்கியத்தில் அவள் எதைப் பார்த்தாள், எதைக் கேட்டாள் என்று தேடி அடிக்கோடிடுங்கள். நினைவை இழுத்து வந்தது அதுதான். ஹேகர் ஓடிப்போய் ஒளிந்திருக்கும் பாழடைந்த மீன் பதனிடும் ஆலையில் மரே லீஸ் என்ற அந்நியன் தன் பிள்ளை தீயில் போனதைச் சொல்கிறான். அதைக் கேட்ட பிறகுதான், இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்த ஜானின் சாவுக்கு ஹேகர் வருகிறாள். நாவலின் எலும்புக்கூடு இந்தக் கோடுகளில் இருக்கிறது. கதைச்சுருக்கம் எழுதுவதைவிட இது பயன்.

ஒன்று மட்டும் உறுத்தும். நினைவுகள் ஏறக்குறைய வயது வரிசையிலேயே வருகின்றன. நிஜத்தில் யாருக்கும் அப்படி நினைவு வராது. அது பலவீனமா, வாசகருக்குச் செய்த உதவியா என்று பத்து நிமிடம் பேசலாம்.

அக்கா, எங்கள் கூட்டம் ஒவ்வொரு முறையும் மாமியார் மருமகள் பஞ்சாயத்தாக முடிகிறது. முதியோர் இல்லத்துக்கு அனுப்பலாமா கூடாதா என்றே இரண்டு மணி நேரம்!

தவிர்க்கவே முடியாது தம்பி, ஆனால் அரை மணியில் கட்டுங்கள். சில்வர்த்ரெட்ஸ் இல்லத்துக்குப் போகமாட்டேன் என்பவளும் அவள்தான், மருமகள் டோரிஸைப் பற்றி நமக்குச் சொல்பவளும் அவள்தான். எதிர்க்கட்சிக்கு வக்கீலே இல்லாத வழக்கு.

ஒரு பயிற்சி: டோரிஸ் வரும் ஒரு காட்சியை எடுத்து, அவள் வாய்விட்டுச் சொன்னதையும் கையால் செய்ததையும் மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஹேகர் அடிக்கும் கமெண்டையெல்லாம் விட்டுவிடுங்கள். கிழவி படுக்கையை நனைப்பதால் ராத்திரி ராத்திரி விரிப்பு துவைக்கிறவள் என்பது அப்போதுதான் கண்ணில் படும். மகன் மார்வினுக்கே அறுபது தாண்டிவிட்டது என்பதையும் யாராவது நினைவுபடுத்துங்கள்.

தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘கல் தேவதை’ என்கிறோம், முழுத் திருப்தி இல்லை. தேவதை என்றால் நமக்குப் பெண் தெய்வமும் சேர்ந்து வந்துவிடுகிறது. இது கல்லறைமேல் நிற்கும் சம்மனசு, அதாவது கிறிஸ்தவ வானதூதர். ஹேகரின் தந்தை ஜேசன் கறி, இறந்த மனைவிக்காக இத்தாலியிலிருந்து வரவழைத்தது. அதற்குப் பார்வை செதுக்கப்படவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

மனவாகா நிஜ ஊரா?

ஹேகர் வளர்ந்த இந்த மனவாகா கற்பனை ஊர். அதன் மூலம் லாரன்ஸ் 1926இல் பிறந்த மனிடோபா மாகாணத்து நீபாவா. அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் சம்மனசு நிற்கிறது. லாரன்ஸ் அடக்கமானதும் அங்கேதான்.

பைபிள் தெரியாதவர்கள் எவ்வளவு படித்துவிட்டு வர வேண்டும்?

ஆதியாகமம் 16, 21, 32 என மூன்றே அதிகாரம், அரை மணி வேலை. ஹேகர் என்பவள் தமிழ் பைபிளின் ஆகார். ஆபிரகாம் வீட்டுப் பணிப்பெண், வனாந்தரத்துக்கு விரட்டப்பட்டவள். துருத்தித் தண்ணீர் தீர்ந்தபின் தேவன் அவள் கண்ணைத் திறக்க, துரவு, அதாவது கிணறு, தெரிகிறது. கண் இல்லாத சிலை ஒரு முனையில், நாவலின் கடைசியில் ஒரு தம்ளர் தண்ணீர் மறுமுனையில். இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

32இல் யாக்கோபு, ‘ஆசீர்வதித்தாலொழிய விடேன்’ என்று தேவதூதனோடு மல்லுக்கட்டுகிறான். கவிழ்ந்து கிடக்கும் சிலையை ஜான் நிமிர்த்தும்போது, அவன் யாக்கோபு மாதிரித் தெரியக்கூடாதா என்று ஹேகர் ஏங்குகிறாள். தெரியவில்லை, வேர்த்து முனகுகிறான். ஆஸ்பத்திரியில் மார்வின் அவள் கையைப் பிடிக்கும்போதுதான் நிஜ யாக்கோபு யாரென்று புரிகிறது. இரண்டு இடத்தையும் அடுத்தடுத்து உரக்க வாசிக்க வையுங்கள். என் கணக்கில் நாவலின் உச்சம் இந்த ஜோடிதான்.

டனேர் குடும்பத்தைப் பற்றி ஹேகர் பேசும் சொற்கள் கூசுகின்றன. தாண்டிப் போகலாமா?

தாண்டாதீர்கள். அவர்கள் மெட்டீஸ், பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான மக்கள். அந்த இழிசொற்கள் ஹேகரின் குலப்பெருமையிலிருந்து வருபவை. நீங்கள் பேசும்போது மெட்டீஸ் என்றே சொல்லுங்கள். அவள் கொடுத்த கறி குலத்து உடை ஊசியை (ப்ரோச்) ஜான், லாசரஸ் டனேரின் கத்திக்கு மாற்றிவிடுகிறான். இந்த ஊசியும் கத்தியும் 1974இல் வந்த லாரன்ஸின் ‘த டிவைனர்ஸ்’ நாவலில் மறுபடி சந்திக்கும்.

“இரண்டே சுதந்திரச் செயல்” என்கிறாளே, எவை?

ஒன்று விளையாட்டு, ஒன்று பொய் என்று அவளே சொல்கிறாள். பக்கத்துக் கட்டில் பெண் சாண்ட்ரா வாங்குக்காக, தானே எழுந்து நடக்க முடியாத நிலையில் பெட்பேன் கொண்டுவருவது விளையாட்டு. ஜானைவிட நீதான் நல்ல பிள்ளை என்று மார்வினிடம் சொல்வது பொய். அது உண்மையிலேயே பொய்தானா என்ற கேள்வியை வைத்துவிட்டு, நடத்துபவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

என் பிரதியில் கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது. அச்சுப் பிழையா?

இல்லை, அப்படித்தான் முடிகிறது. நர்ஸ் பிடித்திருக்கும் தம்ளரைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொள்கிறாள். ‘தேர். தேர்.’ (There. There.) என்கிறாள். இதோ, பிடித்துவிட்டேன் என்றும் ஆகும், அழும் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ என்றும் ஆகும். சாகக் கிடந்த அண்ணன் டானை அப்படித் தேற்ற முடியாமல் ஒதுங்கியவள் அவள், முதல் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். பிறகு ‘அண்ட் தென்’, ஒரு நீள்கோடு. நிகழ்காலத்தில் கதை சொல்கிறவள் தன் சாவைச் சொல்ல முடியாதே. உரக்க வாசிப்பவர் அந்த இடத்தில் குரலை இறக்கக் கூடாது. இறக்கினால் முற்றுப்புள்ளி விழுந்த மாதிரிக் கேட்கும்.