சொந்த வலைப்பூவிலிருந்து பெரிய ஊடகத்துக்கு: கேள்வி பதில்

என் வலைப்பூவை ஒரு பெரிய ஊடகத் தளத்துக்குக் கொண்டுபோய், நான்கு வருடம் அங்கே எழுதிவிட்டு, மறுபடி சொந்த இடத்துக்கே திரும்பியவள் நான். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அக்கா, பத்து வருடமாக எழுதுகிறேன். ஒரு செய்தித் தளம் வலைப்பூவோடு வந்துவிடச் சொல்கிறது. போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் வலைப்பூவை வாடகைக்கு விடுகிறீர்களா, விற்கிறீர்களா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அமெரிக்கத் தேர்தல்களைப் புள்ளிவிவரம் வைத்துக் கணிக்கும் நேட் சில்வர் 2008-ல் தொடங்கிய ஃபைவ்தர்ட்டிஎய்ட் வலைப்பூவின் கதை இதற்கு நல்ல பாடம். 2010-ல் நியூயார்க் டைம்ஸுக்குப் போனபோது அவர் கொடுத்தது மூன்று வருட உரிமம்தான். பெயர் கையில் இருந்ததால் 2013-ல் அதைத் தூக்கிக்கொண்டு டிஸ்னியின் விளையாட்டு ஊடகமான ஈஎஸ்பிஎன்னுக்குப் போக முடிந்தது. அங்கே பெயரை விற்றுவிட்டார். 2023-ல் வெளியே வந்தபோது பெயர் டிஸ்னியிடமே நின்றுபோனது, தேர்தல் கணிப்பு மாதிரிகளின் உரிமை மட்டும் அவரோடு வந்தது. 2025 மார்ச்சில் ஃபைவ்தர்ட்டிஎய்ட்டை நடத்திவந்த குழுவையே கலைத்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தில் எதை உற்றுப் பார்க்க வேண்டும்?

'நிரந்தர', 'பிரத்யேக', 'திரும்பப் பெற முடியாத' என்ற மூன்று சொற்களைத் தேடுங்கள். மூன்றும் ஒரே வரியில் இருந்தால், அது உங்கள் எழுத்தை மொத்தமாகக் கேட்கிற வரி. புதிதாக எழுதப்போவதற்கு ஒரு காலவரையோடு பிரத்யேக உரிமை கேட்பது நியாயம். பத்து வருடமாக நீங்கள் எழுதிச் சேர்த்த பழைய பதிவுகளுக்கும் அதே வரி பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், தலைப்பை மாற்றும் உரிமை யாருக்கு என்பது. சின்ன விஷயம்போலத் தெரியும். நான் தயங்கித் தயங்கி எழுதிய ஒரு பதிவுக்கு அடித்துப் பேசுகிற தலைப்பு வைத்துவிட்டார்கள். திட்டு வாங்கியது தலைப்பு வைத்தவரில்லை, நான்தான்.

அவர்கள் கட்டணச் சுவர் போட்டால் என் வாசகர்கள் என்ன செய்வார்கள்?

கட்டணச் சுவர் என்றால் காசு கட்டினால்தான் படிக்க முடியும் என்ற தடை. பெரும்பாலோர் அதைப் பார்த்ததும் திரும்பிவிடுவார்கள். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் சேர்ந்து எழுதும் வோலக் கான்ஸ்பிரசி என்ற வலைப்பூ 2014-ல் வாஷிங்டன் போஸ்ட்டுக்குப் போனது. என்ன எழுதுவது என்பதில் முழு சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் காசு கட்டாதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக 2017 டிசம்பரில் ரீசன் இதழின் தளத்துக்கு மாறினார்கள். உங்கள் பதிவுகள் சுவருக்கு வெளியே இருக்குமா, எவ்வளவு காலம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

பழைய இணைப்புகள் செத்துப்போகாமல் இருக்க என்ன வழி?

சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரில் வாங்கிய இணைய முகவரி, இருந்தால் கவலை வேண்டாம். ஒவ்வொரு பழைய பதிவையும் அதே பதிவின் புதிய முகவரிக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லித் தானாகத் திருப்பிவிடுவது) செய்யச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது சோம்பேறி வேலை. ஒரு குறிப்பிட்ட பதிவைத் தேடி வந்தவர் அங்கே திக்குத் தெரியாமல் நிற்பார், கூகுளும் அதை 'பக்கம் இல்லை' என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். குறைந்தது ஒரு வருடம் ரீடைரக்டை வைத்திருங்கள் என்கிறது கூகுள். டொமைன் உள்ளவரை வைத்திருங்கள் என்பேன் நான். பிளாகர் தரும் இலவச முகவரி என்றால் வெளித்தளத்துக்கு 301 போட வழியில்லை. பதிவுகளை அங்கேயே விட்டு, மேலே புதிய முகவரியைக் குறிப்பிடுங்கள்.

பின்னூட்டங்களும் கூடவே வருமா?

பெரும்பாலும் வராது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. நான் தவறாக எழுதிய ஒரு பதிவின் கீழே, ஒரு வாசகர் மூன்று பகுதிகளாக என் பிழையைத் திருத்தியிருந்தார். என் பதிவைவிட நீளம், என் பதிவைவிடச் சரி. புதிய தளத்தில் பதிவு மட்டும் ஏறியது, பழைய பிழையோடு. 'கீழே பின்னூட்டத்தில் பார்க்கவும்' என்று நான் சேர்த்திருந்த வரியும் அப்படியே நின்றது. கீழேயோ ஒன்றும் இல்லை. அதனால் மாறுவதற்கு முன்பே பதிவுகளையும் பின்னூட்டங்களையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக பேக்கப் எடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பில் படங்கள் இருக்காது, அவற்றின் முகவரி மட்டும்தான் இருக்கும். படங்களைத் தனியாக இறக்கி வையுங்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே பதிவைப் போடலாமா?

அவர்கள் ஒத்துக்கொண்டால் போடலாம். எது மூலப் பதிவு என்று தேடுபொறிக்குக் காட்ட கனானிக்கல் குறிச்சொல் இருக்கிறது. அது உங்கள் தளத்தையே காட்டட்டும் என்று கேளுங்கள். பெரிய தளங்கள் லேசில் சம்மதிக்காது. கேட்பதில் தப்பில்லை.

மின்னஞ்சல் சந்தாதாரர் பட்டியலையும் கேட்கிறார்களே?

கொடுக்காதீர்கள். உங்களை நம்பி முகவரி கொடுத்தவர்கள் அவர்கள். இடம் மாறுகிற செய்தியை நீங்களே ஒரு மடலில் எழுதுங்கள், விருப்பமுள்ளவர்கள் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளட்டும். நான் திரும்பி வந்த அன்று முதலில் எழுதியதும் அந்தப் பட்டியலுக்குத்தான். மாலைக்குள் பதில்கள் வர ஆரம்பித்தன, பிழை திருத்திய அந்த வாசகரிடமிருந்தும் ஒன்று.