ஏழு ஹெலிகாப்டர்கள் சொல்லும் கணக்கு

கேள்வி: 2024-25-ல் நம் ராணுவத் தளவாட ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய் ஆகிவிட்டது. அரசு ஆயுதத் தொழிற்சாலைகளைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் இனியாவது வாயை மூடுவார்களா?
– வாசகர், ஆவடி

பதில்: மொத்தத் தொகையையும் அரசு நிறுவனங்களின் பெயரில் எழுதிவிடாதீர்கள். அதில் 15,233 கோடி தனியாருடையது. பொதுத்துறையின் பங்கு 8,389 கோடி. முந்தைய ஆண்டு இது 5,874 கோடிதான். ஆக, நல்ல வளர்ச்சி, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஆயுதம் விற்பது புடவை விற்பது போல அன்றோடு முடிகிற வியாபாரம் இல்லை. வாங்கிய நாடு பத்து வருடம் கழித்து மறுபடி நம்மிடம் வருகிறதா என்பதுதான் கேள்வி.

ஈக்வடார் வரவில்லை. 2008-ல் விமானம், ஹெலிகாப்டர் செய்யும் நம் பொதுத்துறை நிறுவனமான எச்ஏஎல்லிடம் ஏழு துருவ் ஹெலிகாப்டர்களைச் சுமார் 4.5 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. ஐரோப்பியப் போட்டியாளரைவிட நம் விலை குறைவு. 2009 அக்டோபரில், தலைநகர் கீட்டோவில் ராணுவ அணிவகுப்பின்போதே ஒன்று விழுந்தது. 2015 தொடக்கத்துக்குள் நான்கு விபத்தில் போய்விட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டார்கள். இரண்டு விபத்துகளுக்கு இயந்திரக் கோளாறு காரணம், உதிரிபாகங்களும் ஒழுங்காக வரவில்லை என்றது ஈக்வடார். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, பராமரிப்பு அவர்கள் பொறுப்பு என்றது எச்ஏஎல்.

காகிதத்தில் எச்ஏஎல் சொன்னது சரியாகவே இருக்கட்டும். கியர்பாக்ஸ், ரோட்டார் (மேலே சுழலும் விசிறி) பாகங்கள் இத்தனை மணி நேரம் பறந்தால் கழற்றி ஓவர்ஹால் செய்தே தீரவேண்டியவை. தென் அமெரிக்காவிலிருந்து பெங்களூருக்கு அனுப்பித் திரும்பப் பெற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மாட்ட மாற்றுப் பாகம் அங்கேயே கையிருப்பில் இல்லையென்றால், எந்த விமானப்படையும் ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்கு மாட்டத்தான் செய்யும். ஏழே ஏழுக்காக அங்கே ஒரு கிடங்கு வைப்பது கட்டுப்படியாகாது என்றால், அந்தச் செலவை முதல் நாளே விலையில் ஏற்றியிருக்க வேண்டும். விலையைக் குறைத்து ஆர்டர் பிடித்த இடத்திலேயே தவறு தொடங்கிவிட்டது.

மொரீஷியஸில் நடந்தது வேறு. ஏற்கெனவே துருவ் வைத்திருந்த அந்த நாடு 2022-ல் இன்னொரு துருவுக்கு ஆர்டர் தந்தது. நம் படை அதிகாரிகள் டெபுடேஷனில் அங்கேயே இருந்து வேலை பார்ப்பது வழக்கம். இந்தியக் கடனுதவியும் பின்னால் இருக்கிறது, மறைப்பதற்கில்லை.

இனி நீங்கள் கேட்ட ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வருவோம். 2021 அக்டோபர் 1-ல் அவற்றை நடத்திவந்த ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். உங்கள் ஊர் டாங்கித் தொழிற்சாலை ஒரு நிறுவனத்துக்குப் போனது. உந்துமருந்து செய்யும் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை, அந்த ஏழில் குண்டுகள் செய்யும் மியூனிஷன்ஸ் இந்தியாவுக்குப் போனது. இப்போது உலகம் கேட்பது 155 மி.மீ. பீரங்கிக் குண்டு. எஃகு உடல், உள்ளே வெடிமருந்து, மூக்கில் அதை வெடிக்கவைக்கும் பியூஸ், பின்னாலிருந்து தள்ள உந்துமருந்து என்று நான்கும் சேர்ந்தால்தான் அது சுடும். பியூஸில் ஒரு தொகுதி சோதனையில் தேறாவிட்டால், தயாரான மற்ற மூன்றும் கிடங்கில் காத்துக் கிடக்கும். கப்பல் தேதி தவறும். உந்துமருந்தில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்ல மெல்லச் சிதையக்கூடியது. அதை அடக்கிவைக்கக் கலக்கும் நிலைப்படுத்தி நாளாக ஆகத் தீர்ந்துகொண்டே வரும், வெயிலில் இன்னும் வேகமாக. பாலைவன நாட்டுக் கிடங்கில் மாதிரி எடுத்துச் சோதிப்பது யார், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, காலாவதியானதை அழிக்கும் செலவு யாருடையது? இவை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் குண்டுகளிலும் ஒரு ஈக்வடார் வரும்.

ஆகவே குறை சொல்பவர்கள் வாயை மூட வேண்டாம். ஏற்றுமதி அறிக்கை வரும்போது மொத்தத் தொகைக்குக் கீழே இரண்டு வரி கேளுங்கள்: இதில் பழைய வாடிக்கையாளரின் மறு ஆர்டர் எவ்வளவு, உதிரிபாகமும் பராமரிப்பும் எவ்வளவு?