குட்டி வீசிய ஆட்டுக்கு எந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டலாம்?

கேள்வி: பண்ணையில் மூன்று சினை ஆடுகள் நான்காம் மாதத்தில் குட்டி வீசிவிட்டன. தனியார் ஆய்வகத்தில் அவற்றின் ரத்தத்தை டாக்ஸோபிளாஸ்மாவுக்கு (பூனை மூலம் பரவி, சினையைக் கலைக்கக்கூடிய ஒட்டுண்ணி) ஐஜிஜி எலிசா (ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை) செய்தார்கள். மூன்றுமே பாசிட்டிவ். இப்போது மந்தை முழுக்க அதே சோதனை செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் அந்த ஆட்டுக்கு எப்போதோ தொற்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். நல்லபடியாகக் குட்டி போட்ட ஆடுகளிலும் பாசிட்டிவ் வரும். நெகட்டிவ் வந்திருந்தால்தான் லாபம். வேறு காரணத்தைத் தேடப் போயிருக்கலாம். இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து அளவு கூடுகிறதா என்று பார்ப்பதும் பல நேரம் கைகொடுக்காது. குட்டி வீசும்போதே அளவு உச்சத்துக்குப் போயிருக்கும்.

விடை இருப்பது நஞ்சுக்கொடியிலும் செத்த குட்டியிலும்தான். அடுத்த முறை அதைப் புதைத்துவிடாதீர்கள். நஞ்சுக்கொடியில் பொத்தான் வைத்தாற்போல் இருக்கும் சிவந்த திட்டுகளைச் சலைனில் அலசிப் பாருங்கள். அவற்றில் 1-2 மி.மீ. வெள்ளைப் புள்ளிகள் தெரிந்து, திட்டுகளுக்கு இடைப்பட்ட சவ்வு சாதாரணமாக இருந்தால் டாக்ஸோபிளாஸ்மா என்ற சந்தேகம் வலுக்கும். சவ்வே தடித்திருந்தால் கிளமிடியா (குட்டி வீசச் செய்யும் ஒரு பாக்டீரியா) பக்கம் யோசிக்க வேண்டும்.

திட்டுகள் சிலவற்றையும் குட்டியின் மூளையில் ஒரு துண்டையும் ஐஸ் பெட்டியில் வைத்து பிசிஆருக்கு (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) அனுப்புங்கள். இன்னொரு பங்கை 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப்போல் பத்து மடங்கு அளவில், திசு ஆய்வுக்குப் போடுங்கள். இரண்டும் மாறிப்போனால் காசு வீண்: ஃபார்மலின் பட்டால் பிசிஆர் கெடும், ஃப்ரீசரில் உறைந்தால் திசு ஆய்வு கெடும். குட்டியின் நெஞ்சறைத் திரவம் 2 மி.லி. கிடைத்தாலும் எடுத்துவிடுங்கள். ஆட்டின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்பொருள் இறங்காது. அதனால் அந்தத் திரவத்தில் இருப்பது குட்டியே உண்டாக்கியது. சீம்பால் குடித்த குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பணம் கட்டுமுன் ஆய்வகத்திடம் இரண்டு கேள்வி. எலிசா கிட் ஆட்டுக்கானதா? மனிதருக்கான கிட்டில் ஆட்டு ரத்தத்தை ஓட்டினால் வரும் முடிவை நம்ப முடியாது. புரூசெல்லா (இதுவும் குட்டி வீசச் செய்யும் பாக்டீரியா), கிளமிடியா இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்களா? டாக்ஸோபிளாஸ்மா ஒன்றை மட்டும் தேடினால் அது மட்டும்தான் கிடைக்கும். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள். மாதிரி எடுப்பவருக்குக் கையுறை கட்டாயம்; கர்ப்பிணிகள் கிட்டேயே வர வேண்டாம்.

கேள்வி: மனைவி கர்ப்பம். வீட்டுப் பூனைக்கு ரத்தம், மலம் இரண்டும் சேர்த்து ‘டாக்ஸோ பேக்கேஜ்’ எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: அந்தக் காசு மிச்சம். பூனை பெரும்பாலும் முதல் தொற்றின்போது ஓரிரு வாரம்தான் இந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கூடுகளை (நோயைப் பரப்பும் நுண்ணிய கூடுகள்) மலத்தில் வெளியேற்றும். ரத்தம் பாசிட்டிவான பூனை பெரும்பாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டியது. நெகட்டிவான பூனைக்குத்தான் இனிமேல் தொற்றும் வாய்ப்பு. மலத்தில் 10-12 மைக்ரான் முட்டைக்கூடு தெரிந்தாலும், ஹாமாண்டியா என்ற வேறொரு ஒட்டுண்ணியின் கூடும் அச்சு அசல் அப்படியே இருக்கும். பிசிஆர் இல்லாமல் பிரிக்க முடியாது. வெளிவந்த கூடு தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். மலத்தட்டை நீங்கள் தினமும் சுத்தம் செய்யுங்கள், பூனைக்குப் பச்சைக்கறி போடாதீர்கள். சோதனை என்றால் மருத்துவரைக் கேட்டு மனைவிக்கு எடுங்கள்.