"அடிக்காத நாள் எது?" என்று ஆலோசகர் கேட்பது சரியா?

கேள்வி: ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். என் தங்கையைச் சேலம் சிவதாபுரத்தில் கட்டிக்கொடுத்து ஏழு வருடம் ஆகிறது. வீட்டிலிருந்தபடியே கொலுசு வேலை செய்கிறாள். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். ஓர் ஆலோசனை மையத்துக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த அம்மா, அடித்ததைப் பற்றி அதிகம் விசாரிக்காமல், "அவர் அடிக்காத நாள் எது? அன்றைக்கு நீ என்ன செய்தாய்?" என்றும், "பத்துக்கு எத்தனை மார்க் போடுவாய்?" என்றும் கேட்டாராம். தன் மேல்தான் தப்பு என்று சொல்கிறார்களோ என்று தங்கை அழுகிறாள். இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர், 15,000 ரூபாய் கொடுத்தால் இரண்டு பக்கமும் பேசிப் பத்திரத்தில் எழுதி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். போன மாதம் ஒரு முறை கழுத்தையும் பிடித்திருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் தங்கையிடம் கேட்கப்பட்ட கேள்விகள் தவறானவை அல்ல, கேட்ட நேரமும் கேட்ட விதமும்தான் தவறு. கழுத்தைப் பிடித்ததை நீங்கள் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தங்கையும் அதை ஆலோசகரிடம் சொல்லியிருக்கமாட்டார், அவரும் கேட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால், அதற்கு அடுத்ததாக மார்க் கேள்விக்குப் போயிருக்கக் கூடாது.

அறைந்தார், உதைத்தார், முடியைப் பிடித்து இழுத்தார், கழுத்தைப் பிடித்தார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவது நம் குடும்பங்களில் வழக்கமாக இருக்கிறது. கழுத்தை நெரிப்பது அந்த வரிசையில் சேராது. ஜாக்குலின் கேம்பெல் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர், எந்த வீட்டில் அடி கொலை வரை போகக்கூடும் என்பதை முன்கூட்டியே கண்டுகொள்வதற்காக 1980-களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுப் பட்டியலில் இது முக்கியமான இடத்தில் இருக்கிறது. ஒரு முறை கழுத்தை நெரித்தவரால் பின்னாளில் அந்தப் பெண்ணின் உயிருக்கு ஆபத்து வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பதை அதன் பின் வந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தியிருக்கின்றன. வெளியில் தடம் எதுவும் தெரியாமல் இருக்கலாம். குரல் கம்மியிருந்ததா, எச்சில் விழுங்கும்போது வலித்ததா, அந்த நேரத்தில் கண் இருண்டதா, தன்னையறியாமல் சிறுநீர் பிரிந்ததா, நடந்ததில் சிறிது நேரம் நினைவில் இல்லாமல் போனதா என்று அவரிடம் நீங்களே தனிமையில் கேளுங்கள். கழுத்து இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, சில நாட்கள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. ஆகவே ஒரு மாதம் ஆகிவிட்டது என்று விட்டுவிடாமல், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். "படியில் விழுந்துவிட்டேன்" என்று சொல்லாமல், கணவர் கழுத்தை நெரித்தார், இன்ன தேதியில் நெரித்தார் என்று மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் விபத்துப் பதிவேட்டில் அது ஏறும், ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாள் பிற்பாடு நீதிமன்றத்தில் உங்கள் தங்கைக்காகப் பேசும். இன்னொரு முறை கழுத்தில் கை வைத்தால், அன்றைக்கு ஆலோசனையும் இல்லை, மார்க்கும் இல்லை. அவசர உதவி எண் 112-ஐ அழைத்துவிட்டுப் பிள்ளையோடு வீட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும். இதைத் திரும்பத் திரும்ப எழுதுவதாக உங்களுக்குத் தோன்றினால், தோன்றட்டும்.

இனி உங்கள் தங்கை அழுததற்குக் காரணமான கேள்விக்கு வருகிறேன். தீர்வை மையமாகக் கொண்ட இந்த உரையாடல் முறையை, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1978-இல் தொடங்கப்பட்ட ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில், ஸ்டீவ் டி ஷேசர் என்பவரும், கொரியாவில் பிறந்த அவருடைய மனைவி இன்சூ கிம் பெர்க் என்பவரும் உருவாக்கினார்கள். பிரச்சினையின் வேரைத் தோண்டிக்கொண்டே இருப்பதைவிட, வந்திருப்பவர் எதை அடைய விரும்புகிறார், அதில் எந்தப் பகுதியை அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார் என்று தேடுவது பயன் தரும் என்பது அவர்களுடைய அணுகுமுறை. பிரச்சினை இல்லாத நேரத்தைத் தேடிக் கேட்பதும், பத்துக்கு எத்தனை என்று கேட்பதும் அதில் அடங்கும். அடிபட்ட பெண்ணிடம் இந்த முறையில் முதலில் பேச வேண்டிய விஷயம் அவருடைய பாதுகாப்பு. கணவரின் கோபத்தை ஆற்றும் வேலையை அவர் தலையில் கட்டுவதற்காக இதை யாரும் உருவாக்கவில்லை. "அவர் அடிக்காத நாளில் நீ என்ன செய்தாய்?" என்ற வாக்கியத்தை அப்படியே கேட்டால், அடித்த நாளில் நீ எதையோ செய்யத் தவறினாய் என்றுதான் யார் காதிலும் விழும். அடிப்பதும் அடிக்காமலிருப்பதும் அடிப்பவருடைய முடிவு. அனுபவமுள்ள ஆலோசகர் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்பார்.

எப்படிக் கேட்பார் என்பதை ஓர் உரையாடலாகக் காட்டினால்தான் விளங்கும். உங்கள் தங்கையைப் போலவே பட்டறையிலிருந்து கொலுசு வாங்கிவந்து வீட்டில் வேலை செய்யும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். "இத்தனைக்கும் நடுவுல பிள்ளைய நேரத்துக்குப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கீங்களே, எப்படிம்மா?" என்று ஆலோசகர் கேட்கிறார். "சனிக்கிழமை சம்பளம் வாங்குவாருங்க, அன்னைக்குப் பிள்ளைய பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுருவேன்." "வேற என்ன செய்வீங்க?" "பின்பக்கக் கதவத் தாழ் போடமாட்டேன். அவரு தூங்குற வரைக்கும் அக்கா வீட்டுத் திண்ணையிலயே உக்காந்து கொலுசு வேலை பாத்துக்கிட்டிருப்பேன்." "இன்னைக்கு ராத்திரி நீங்களும் பிள்ளையும் பத்திரமா இருப்பீங்கன்னு பத்துக்கு எத்தனை சொல்லுவீங்க?" "மூணு." "ஒண்ணுன்னு சொல்லாம மூணுன்னு சொல்றீங்களே, எதனால?" "அக்கா இருக்காங்க, அதனால." "நாலு ஆகணும்னா?" "பேங்க் பாஸ்புக் என் கையில இருக்கணுங்க."

கணவரை எப்படிச் சமாதானப்படுத்துவது என்ற பேச்சு இதில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தான் வெறுமனே அடி வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, தனக்கும் பிள்ளைக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை இத்தனை நாளாகச் செய்துவந்திருக்கிறோம் என்பது அந்தப் பெண்ணுக்கே அப்போதுதான் தெரியவருகிறது. அடுத்து எதைச் செய்வது என்பதும் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. மறுநாள் பாஸ்புக், ஆதார், குடும்ப அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டுகள் எல்லாம் ஒரு பையில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆறு மாத அறிவுரையில் நடக்காதது சில சமயம் இப்படி நடந்துவிடுகிறது.

ஆகவே, அந்த ஆலோசகரிடம் இன்னொரு முறை போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, சில விஷயங்களை மட்டும் பாருங்கள். உங்கள் தங்கையைத் தனியாக உட்காரவைத்துப் பேசினாரா? "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாரா, அல்லது சேர்ந்து வாழ்வதுதான் முடிவு என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கினாரா? தங்கை சொன்ன எதையாவது கணவரிடம் சொன்னாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், அங்கே மறுபடி போகவே வேண்டாம். கணவருக்கு ஆலோசனை தேவையென்றால் அது தனியாக நடக்கட்டும். இதே முறையில், வன்முறை செய்த ஆண்களுக்காகக் கலிபோர்னியாவில் குழுக்கள் நடத்தியவர்கள்கூட அதைத் தனிக் குழுவாகத்தான் நடத்தினார்கள். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து நடத்தவில்லை.

நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனைக்கு விதியே இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது. 2006-இல் அதற்கான விதிகள் வந்தன. அவற்றின் 14-ஆம் விதிப்படி, தான் அடித்ததற்குக் கணவர் எந்த நியாயமும் கற்பிக்க ஆலோசனையில் இடம் கிடையாது. இதை ஆலோசனை தொடங்குவதற்கு முன்பே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். இனி வன்முறை செய்யமாட்டேன் என்று அவர் உறுதிமொழியும் தர வேண்டும். சமரசத்துக்கு முயல்வதானால், அதைப் பெண் விரும்ப வேண்டும். நடப்பது என்ன? இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, அவள் ஏன் சமைக்கவில்லை, போனில் யாரோடு பேசினாள் என்று கணவர் அடுக்குவதையெல்லாம் கேட்டுவிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பதிவேட்டில் அது 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று ஏறிவிடுகிறது. இப்படி ஏறிய வரிகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

இப்படி அலுத்துப்போகும் குடும்பங்களை வைத்துத்தான், பேசி முடித்துத் தருகிறேன் என்பவர்கள் பிழைக்கிறார்கள். உங்கள் சொந்தக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொந்தக்காரர் எதற்காக 15,000 ரூபாய் வாங்குகிறார் என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும். சேலத்தில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தன்று ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருவதாக அருகில் வருபவர், காவல் நிலையத்தில் தனக்கு ஆள் இருப்பதாகச் சொல்பவர், நீதிமன்ற வாசலில் வக்கீலிடம் அழைத்துப்போகிறேன் என்பவர் என்று பல வேடங்களில் வருவார்கள். பாதிப் பணத்தை உங்களிடமும், மறு பாதியை உங்கள் மாப்பிள்ளை வீட்டிலும் வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. "498ஏ போட்டு உள்ளே தள்ளிடலாம்" என்று வீரமாகப் பேசுவார்கள். மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவரைத் தண்டிக்கும் அந்தப் பழைய பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 85-ஆம் பிரிவாக மாறிவிட்டது என்பதுகூட அவர்களில் பலருக்குத் தெரியாது.

இவர்களிடம் ஏமாறும் இடங்கள் பெரும்பாலும் தாள்கள்தான். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள்; அதைப் "பத்திரமா நான் வச்சிருக்கேன்" என்று இடைத்தரகர் வாங்கி வைத்துக்கொண்டால், மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க உங்களிடம் ஒரு எண்கூட இருக்காது. அடுத்தது பத்திரம். "இனிமேல் எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை, அடித்ததாகச் சொன்னது கோபத்தில் சொன்னது" என்று எழுதி வாங்குவார்கள். அப்படி எழுதிக்கொடுத்தாலும் உங்கள் தங்கையின் சட்ட உரிமை போய்விடாது. ஆனால் அடுத்த முறை அவர் நீதிமன்றம் போகும்போது எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் நீட்டும் தாள் அதுவாகத்தான் இருக்கும். வெற்றுத் தாளிலோ, எழுதாத முத்திரைத்தாளிலோ கையெழுத்துக் கேட்டால், அந்த இடத்திலிருந்து எழுந்துவிடுங்கள். விடுதலைப் பத்திரம் என்று எழுதி நோட்டரி முத்திரை வைத்துத் தருவதும் நீதிமன்றம் தரும் விவாகரத்துக்கு ஈடாகாது. மலைக் கிராமங்களில் ஊர் வழக்கப்படி தீர்ப்பது தனிப் பேச்சு. ஆனால் "நம்ம ஜனத்துக்குச் சட்டம் பொருந்தாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது.

அவர்கள் காசுக்கு விற்கும் எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை. மாவட்ட சமூக நல அலுவலகத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். டி.ஐ.ஆர். என்று அலுவலகங்களில் சொல்லப்படும் குடும்ப நிகழ்வு அறிக்கையை அவர் எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். தகவலை உங்கள் தங்கைதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. உடன்பிறந்தவராகிய நீங்களே கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு கொடுத்ததற்காக உங்கள் மேல் வழக்கு வராது. இலவச சட்ட உதவி பெறப் பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 எண்ணை அழையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 இரவும் பகலும் இயங்குகிறது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாட்கள் தங்கவும் அவர்களே வழி செய்வார்கள். தங்கை இருக்கும் வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், அவரை அங்கிருந்து இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க நடுவர் முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த 60 நாளை நம்பி எந்த ஏற்பாடும் செய்யாதீர்கள். முதல் நாளிலேயே இடைக்கால உத்தரவு வேண்டுமென்று வழக்கறிஞரிடம் வற்புறுத்துங்கள். உத்தரவின் நகலுக்கும் கட்டணம் கிடையாது. பாதுகாப்பு உத்தரவைக் கணவர் மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு.

தங்கை உங்கள் வீட்டுக்கே வந்துவிட நினைத்தால், வந்து தங்கியிருக்கும் இடத்திலிருந்தே வழக்குப் போடலாம். அதற்காகச் சிவதாபுரத்துக்குத் திரும்பிப் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் கிளம்பப் போகிறேன் என்று வீட்டில் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பிரிந்துபோகும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். பகலில், கணவர் வேலைக்குப் போன பிறகு, பிள்ளையோடும், மேலே சொன்னது போல் தாள்களை எடுத்துவைத்த பையோடும் கிளம்புவது நல்லது. கடைசிப் பேருந்தை நம்பிப் புறப்பட்டு, அது போய்விட்டால் அடிவாரத்தில் நிற்க நேரும்.

சொந்தக்காரரிடம் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், போனது போகட்டும் என்று விடுங்கள். கையெழுத்தும் போட்டிருந்தால், அந்தப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால், யார் முன்னிலையில், எந்தத் தேதியில், எதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதைப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லி, குடும்ப நிகழ்வு அறிக்கையிலேயே அதையும் எழுதச் சொல்லுங்கள்.