'ஆல்தோ' போட்டால் 'பட்' வேண்டாம்

கேள்வி: ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் எல்லை தாண்டி, ஆந்திராவில் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறேன். எங்கள் உற்பத்தி லைனில் தமிழ், தெலுங்கு, இந்தி பேசுகிறவர்கள் எல்லாரும் இருப்பதால், ஷிப்ட் முடியும்போது எழுதும் ரிப்போர்ட் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். "ஆல்தோ த பெல்ட் வாஸ் சேஞ்ச்ட், பட் த நாய்ஸ் இஸ் ஸ்டில் தேர்" என்று எழுதினேன். மேனேஜர் 'பட்' என்பதை வட்டமிட்டுத் திருப்பிவிட்டார். "ஐ வில் இன்ஃபார்ம் யூ வென் த பார்ட் வில் கம்" என்று எழுதியதில் 'வில்' தப்பு என்றார். சூளூர்பேட்டையில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் கேட்டேன். 'பிகாஸ்', 'அண்ட்', 'பட்' எதிலும் வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது, இதற்கென்றே தனியாகக் 'கனெக்டர்ஸ் கோர்ஸ்' இருக்கிறது, சான்றிதழும் தருவோம், 6,000 ரூபாய் என்றார்கள். 1,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டேன். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். உங்கள் மேனேஜர் 'பட்' விஷயத்தில் முழுக்கச் சரி, 'வில்' விஷயத்தில் பாதி சரி. சென்டர் சொன்ன விதி தப்பு.

முதலில் 'பட்'. ஒரே வாக்கியத்தில் இரண்டு செய்திகளைச் சேர்க்க இங்கிலீஷில் ஒரு இணைப்புச் சொல் போதும், இரண்டு ரயில் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கொக்கி இருப்பதைப் போல. பெல்ட்டை மாற்றியது ஒரு செய்தி, சத்தம் நிற்காதது இன்னொன்று. 'ஆல்தோ'வை வைத்துக்கொண்டால் 'பட்'டை எடுத்துவிடுங்கள்: "ஆல்தோ த பெல்ட் வாஸ் சேஞ்ச்ட், த நாய்ஸ் இஸ் ஸ்டில் தேர்." இல்லையென்றால் 'ஆல்தோ'வை எடுத்துவிட்டு 'பட்'டை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே நல்ல இங்கிலீஷ். 'ஸ்டில்' இருந்துவிட்டுப் போகட்டும், அது இணைப்புச் சொல் இல்லை. 'பிகாஸ்' என்று தொடங்கி நடுவில் 'ஸோ' போடுவதும் இதே தப்புதான்.

இது உங்கள் ஒருவருக்கு மட்டும் வரும் தப்பு இல்லை. தமிழில் இணைப்பு, வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும்: மாற்றினாலும், அறுந்ததால், வந்தால். உங்கள் லைனில் இருக்கும் தெலுங்குக்காரருக்கும் அப்படித்தான். முதல் செய்தி முடிகிற இடத்தில் இணைப்பு காதில் விழும், அப்புறம் இரண்டாவது செய்தி வரும். இங்கிலீஷில் இணைப்புச் சொல் முதல் செய்தியின் தலையிலேயே வந்துவிடுகிறது. நீளமாக அந்தச் செய்தியைச் சொல்லி முடிக்கிற நேரத்தில், இணைப்பை இன்னும் போடவில்லையே என்று நமக்குத் தோன்றுகிறது. உடனே கை 'பட்' எழுதிவிடுகிறது.

இதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம் என்பேன். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரே வாக்கியத்தை சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மாற்றி எழுதச் சொல்கிறார்கள். அதற்காகப் பிள்ளைகள் 'இன் ஸ்பைட் ஆஃப்', 'பட்', 'தோ' மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிக்கிறார்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று சொல்லித்தராமல் மார்க்குக்காக மட்டும் பழக்கினால், மூன்றும் மனசுக்குள் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். மார்க் வந்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்து ஒரு ரிப்போர்ட் எழுத வரவில்லை. இத்தனை வருஷமாக இந்த முறையை யாரும் மாற்றாமல் இருப்பது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

அடுத்து சென்டர் சொன்ன விதி. 'பிகாஸ்' என்று தாராளமாகத் தொடங்கலாம். "பிகாஸ் த பவர் வென்ட், த லைன் ஸ்டாப்ட்" என்பதில் ஒரு குறையும் இல்லை. "பிகாஸ் த பவர் வென்ட்" என்று எழுதி அங்கேயே புள்ளி வைத்தால்தான் அது அரைவாக்கியம். சின்னப் பிள்ளைகள் அப்படிப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் சொன்ன எச்சரிக்கை, நாளடைவில் பெரியவர்களுக்கும் சட்டம் ஆகிவிட்டது. 'அண்ட்', 'பட்' எதிலும் தொடங்கலாம். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளைப் பிரித்து முதல் அதிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வசனங்கள் 'அண்ட்' என்றுதான் தொடங்குகின்றன.

சில இடத்தில் 'பிகாஸ்' முன்னால் வந்தால்தான் ஆபத்து இல்லை. "வி டிட் நாட் ஸ்டாப் த லைன் பிகாஸ் த சென்சார் ஃபெயில்ட்" என்று நீங்கள் எழுதியதாக வைத்துக்கொள்வோம். சென்சார் வேலை செய்யவில்லை, அதனால் லைனை நிறுத்தவில்லை என்று ஒருவர் படிப்பார். லைனை நிறுத்தினோம், ஆனால் அதற்குக் காரணம் சென்சார் இல்லை என்று இன்னொருவர் படிப்பார். ஒரு அர்த்தத்தில் லைன் ஓடியிருக்கிறது, இன்னொரு அர்த்தத்தில் நின்றிருக்கிறது! அடுத்த ஷிப்ட்காரர் எதை நம்புவார்? "பிகாஸ் த சென்சார் ஃபெயில்ட், வி டிட் நாட் ஸ்டாப் த லைன்" என்றால் குழப்பமே இல்லை. 'நாட்' வரும் வாக்கியத்தில் காரணத்தை முன்னால் போடுங்கள். சென்டர் எதைக் கூடாது என்கிறதோ, அதுதான் இங்கே உங்களுக்குத் தேவை.

இப்போது 'வில்'. பார்ட் வந்ததும் தகவல் சொல்கிறேன் என்பது உங்கள் கருத்தானால், "ஐ வில் இன்ஃபார்ம் யூ வென் த பார்ட் கம்ஸ்" என்று எழுத வேண்டும். நடக்கப்போவதாகவே இருந்தாலும், நேரத்தைச் சொல்லும் 'வென்', 'அன்டில்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இவற்றுக்குப் பின்னால் 'வில்' வராது. நிபந்தனை சொல்லும் 'இஃப்' வந்தாலும் அப்படியே.

ஆனால் பார்ட் எந்தத் தேதியில் வரும் என்று விசாரித்துச் சொல்கிறேன் என்பது உங்கள் கருத்தானால், நீங்கள் எழுதிய வாக்கியம் அப்படியே சரி. அங்கே 'வென்' ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வருகிறது. "ஐ டோன்ட் நோ வென் த பார்ட் வில் கம்" என்று எல்லாரும் சொல்வதும் அதனால்தான். சந்தேகம் வந்தால் 'வென்' பகுதியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'வரும்போது', 'வந்ததும்' என்று வந்தால் 'வில்' கூடாது. 'எப்போது வரும் என்று' என வந்தால் 'வில்' வேண்டும். முதல் வகை என்றால், பார்ட் கைக்கு வந்த பிறகுதான் உங்களிடமிருந்து தகவல் போகும். இரண்டாவது வகை என்றால், பார்ட் வருவதற்கு முன்பே தேதியைச் சொல்லிவிடுவீர்கள். மேனேஜர் எதை எதிர்பார்த்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒருவேளை அவர் திருத்தியது தேவையில்லாததாகக்கூட இருக்கலாம்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். 'அன்லெஸ்' என்பதற்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது. அதோடு 'நாட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

அந்தக் கோர்ஸுக்கு வருகிறேன். பெரும்பாலும் இவற்றில் கையில் கொடுப்பது 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'ஹென்ஸ்' என்று ஒரு நீளமான பட்டியல். வாட்ஸ்அப்பில் சும்மா சுற்றுகிற பிடிஎஃப்தான் அது. அந்தச் சொற்களை ரிப்போர்ட்டில் தூவினால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். சான்றிதழை நம்பாதீர்கள், உங்கள் மேனேஜர் பார்ப்பது நீங்கள் எழுதுகிற ரிப்போர்ட்டைத்தான். இதைவிட மோசம், இந்தச் சான்றிதழ் இருந்தால் பெரிய கம்பெனியில் இன்டர்வியூ வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு போர்டு, ஆந்திரப் பக்கம் ஒரு போர்டு வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஆபீஸ் அந்தப் பக்கம் என்று கை காட்டுவார்கள். அப்படி யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

படிக்க ஆசை இருந்தால் மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017இலிருந்து இருக்கிறது. பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளத்திலும் இலக்கணப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய ரிப்போர்ட்களை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் இணைப்புச் சொல்லை அடிக்கோடிடுங்கள். இரண்டு செய்திக்கு இரண்டு கோடு விழுந்தால் ஒன்றை அடித்துவிடுங்கள்.

கட்டிய 1,000 ரூபாய்க்கு ரசீது வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்குங்கள். வகுப்புத் தொடங்கும் முன்பே, சேரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள்.