வெல்டிங் பழகும்போது ராடு ஏன் ஒட்டிக்கொண்டே இருக்கிறது?

ஆர்க் வெல்டிங் பழகும் எல்லோருக்கும் வரும் தொல்லைதான் இது. பெரும்பாலும் காரணம் கரண்ட் குறைவு. 2.5 மி.மீ. தடிமனுள்ள 6013 ரக ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரை வைக்கலாம். புதியவர்கள் பயந்துபோய் 50-இல் வைத்துவிடுகிறார்கள். 80-இல் ஆரம்பியுங்கள்.

தீக்குச்சி உரசுவதுபோல நுனியை இழுத்து, ஆர்க் (ராடுக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறி) பிடித்ததும் லேசாகத் தூக்குங்கள். ராடின் உள்கம்பி எவ்வளவு தடிமனோ, ஏறத்தாழ அவ்வளவு இடைவெளி போதும். எரிய எரிய ராடு குட்டையாகும், அதனால் கையும் மெதுவாக இறங்கிக்கொண்டே வர வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒட்டிவிட்டால் கையை முறுக்கிப் பிடுங்குங்கள். வரவில்லையா, ஹோல்டரிலிருந்து ராடை விடுவியுங்கள், முகமூடியைத் தூக்காமலே.

அப்புறம், பார்வை வெளிச்சத்தின் மேல் இருக்கக்கூடாது. அதன் பின்னால் உருகி நிற்கும் இரும்பின் மேல் இருக்க வேண்டும். அது எவ்வளவு அகலமாகிறது என்பதுதான் கை வேகத்தைச் சொல்லும். 5, 6 மி.மீ. தகட்டில் வெறும் நேர்க்கோடுகளாகப் போட்டுப் பழகுங்கள். மெல்லிய தகடு ஓட்டை விழுந்து வெறுப்பேற்றும். துரு, பெயின்டைச் சுரண்டிவிட்டு, கரண்ட் திரும்பிப் போகும் எர்த் கிளாம்பைச் சுத்தமான இரும்பில் மாட்டுங்கள்.

கூலிங் கிளாஸ் எல்லாம் உதவாது, முகமூடியில் 10-ஆம் ஷேடு (கருமை அளவு) கண்ணாடி வேண்டும். கண் எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். துத்தநாகம் பூசிய இரும்பை இப்போதைக்குத் தொடாதீர்கள், அந்தப் புகை காய்ச்சலில் கொண்டுவிடும்.