தலைவர் படத்தைப் போட்டுப் பணம் கேட்கும் எண்: முதலில் 1930

உங்கள் அரிமா சங்கத் தலைவரின் படத்தை வைத்து ஒரு புது எண்ணிலிருந்து "அவசர ஆபரேஷன், 20,000 அனுப்புங்க" என்று வாட்ஸ்அப் வந்து, மூத்த உறுப்பினர் இருவர் நேற்றிரவு அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இணையவழிப் பண மோசடிகளுக்கான தேசிய உதவி எண் 1930; அவர்களை இப்போதே அதற்கு அழைக்கச் சொல்லுங்கள், பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் தகவல் போனால்தான் வங்கியால் நிறுத்தி வைக்க முடியும், ஒரு நாள் போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அப்படியே அவர்களுடைய வங்கிக்கும் சொல்லிவிடட்டும். பணம் அனுப்பாமல் செய்தி மட்டும் வந்தவர்கள், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், சந்தேக அழைப்பு, செய்திகளுக்கான 'சக்ஷு' பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம்.

சங்கத்தின் பெயர் கெட்டுவிடும், வெளியே சொல்ல வேண்டாம் என்கிறாராம் உங்கள் செயலாளர். இதில் எனக்கு உடன்பாடே இல்லை. எங்கள் சங்கத்திலும் இப்படித்தான் இரண்டு நாள் பேசாமல் இருந்தோம், அதற்குள் இன்னொருவர் ஏமாந்தார், அவர் ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். வாட்ஸ்அப் பார்க்காத பெரியவர்களுக்கு ஆளுக்கொரு போன் போடுங்கள்.

அப்புறம் அந்த உறுப்பினர் கையேடு. படம், பதவி, கைபேசி எண் எல்லாம் சேர்த்துப் பிடிஎஃப்பாக இணையத்தில் கிடக்கிறது என்றீர்களே, மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? இன்றே எடுத்துவிடுங்கள். யார் பெயரில் பணம் கேட்டு வந்தாலும், பழைய எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பிறகுதான் அனுப்புவது என்று அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்.

ஏமாந்த இருவரிடமும் யாரும் கோபமாகப் பேச வேண்டாம், உதவத்தானே அனுப்பினார்கள்.